ஆற்று நீருக்கு யார் ஜாமீன்?



நம் வளாகத்தில் கோடை வந்தாலே தண்ணீர்ப் பேச்சுதான். லாரி தண்ணீரில் உப்பு கூடிவிட்டது, போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை என்று ஆளுக்கொரு குறை. இந்தப் பேச்சுகளின் நடுவே நண்பர்கள் சிலர் கேட்ட கேள்வி ஒன்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். ஒரு நிறுவனம் ஆற்றையோ நிலத்தடி நீரையோ கெடுத்தால், அதை நிறுத்து என்று சொல்லவும், கெடுத்ததற்கு ஈடு கட்டு என்று கேட்கவும் யாருக்கு அதிகாரம்? மாநகராட்சிக்கா, ஊராட்சிக்கா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கா, நீதிமன்றத்துக்கா?

கேள்வி சின்னதுதான். பதிலுக்கு நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. நான் வழக்கறிஞர் அல்ல. வங்கியில் கணக்கு எழுதிப் பழகியவன். எந்தச் செலவு எந்தக் கணக்கில் ஏறுகிறது என்று பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தக் கண்ணோட்டத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஆறுகள்

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்துக்குள் போய், பரமத்திவேலூர் பக்கம் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் சேர்கிறது. நகரத்தில் நாம் அதைச் சாக்கடை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் கீழே இருக்கும் கிராமங்களுக்கு அது ஏரிகளை நிரப்பும் ஆறு. நாம் விடுவதுதான் அவர்களுக்குப் போய்ச் சேர்கிறது.

மேற்கே பள்ளிபாளையமும் குமாரபாளையமும் காவிரிக் கரையிலேயே இருக்கும் ஊர்கள். விசைத்தறியும் சாயப்பட்டறையும் அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. பருத்தி நூலில் சாயம் பிடிக்க உப்பு நிறைய வேண்டும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. அலசும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் போகும், உப்பு போகாது. உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. இயந்திரமும், மிஞ்சுவதைக் காய்ச்சி வற்றவைக்கும் கலமும் வேண்டும். இரண்டுக்கும் முதலீடு அதிகம், மின்கட்டணம் அதைவிட அதிகம். அந்தச் செலவைச் செய்யாமல் விட்டால், அது மறைந்துவிடுவதில்லை. இன்னொருவர் கிணற்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

முதலில் அதிகாரம் ஊரிடம் இருந்தது

சேலம் நகராட்சி 1866-ல் தொடங்கியது. ராஜாஜி 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இருந்தார். அதற்குச் சற்றுப் பின், 1920-ல், மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது. ஆபத்தான, அருவருப்பான தொழில்களுக்கு நகராட்சியிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றும், இயந்திர சக்தியில் ஓடும் தொழிற்சாலை அமைக்க நகராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. கிராமப்புறத்திலும் பஞ்சாயத்துச் சட்டங்கள் வழியே இதே மாதிரி லைசென்ஸ் முறை இருந்தது. நம் ஊர்ப் பழைய வியாபாரிகளைக் கேட்டால் "டி அண்ட் ஓ லைசென்ஸ்" என்று சொல்வார்கள், அதுதான் இது.

இதில் ஒரு பலமும் ஒரு பலவீனமும் இருந்தன. முடிவு எடுப்பவர்கள் அதே ஊரில் இருப்பவர்கள், அதே தண்ணீரைக் குடிப்பவர்கள், அது பலம். துர்நாற்றம், நோய், தீ விபத்து ஆகியவற்றை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் என்பது பலவீனம். கண்ணுக்குத் தெரியாத உப்பையும் குரோமியத்தையும் சோதித்துப் பார்க்க நகராட்சியிடம் ஆய்வுக்கூடமும் இல்லை, ஆளும் இல்லை. ஆலை பெரிதாகப் பெரிதாக, ஊர் மன்றத்தின் கை எட்டவில்லை.

1974: அதிகாரம் வாரியத்துக்குப் போனது

நம் அரசியலமைப்பில் தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நாடாளுமன்றம் அதன் மீது தானாகச் சட்டம் செய்துவிட முடியாது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டால் செய்யலாம் என்று 252-வது பிரிவு சொல்கிறது. அப்படி 12 மாநிலங்கள் கேட்டுக்கொண்டு பிறந்ததுதான் 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம். அஸ்ஸாம், பீகார், குஜராத், கேரளம், கர்நாடகம் என்று போகும் அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை. நாம் பிறகுதான் சேர்ந்தோம். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரியில்தான் அமைந்தது. சட்டம் பிறந்து எட்டு ஆண்டுகள் கழித்து!

இந்தச் சட்டத்தில் மூன்று விஷயங்களை நாம் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதலாவது, வாரியத்தின் இசைவு இல்லாமல் எந்த ஆலையும் கழிவுநீரை வெளியே விடக் கூடாது. 1988-ல் வந்த திருத்தத்துக்குப் பின், ஆலையை மூடவும் மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிடலாம்.

இரண்டாவது, குற்றம் செய்தது ஒரு கம்பெனி என்றால், அந்தச் சமயத்தில் அதை நடத்தும் பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளியாகக் கருதப்படுவார். தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்கத் தன்னால் ஆன எல்லாம் செய்தேன் என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. கம்பெனி என்ற பெயருக்குப் பின்னால் மனிதர்கள் ஒளிந்துகொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது.

மூன்றாவது, பலருக்கும் தெரியாதது. மாநில வாரியத்தில் உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களிலிருந்து ஐந்து பேர் வரை அரசு நியமிக்கலாம். சட்டம் எழுதியவர்கள் ஊரை மறந்துவிடவில்லை. வாரியத்தில் ஊருக்கு நாற்காலி போட்டுத்தான் வைத்தார்கள். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார், என்ன பேசினார் என்று நாம்தான் கேட்பதில்லை.

நம் பகுதியை நேரடியாகத் தொடும் இரண்டு அரசாணைகளும் உண்டு. 1989 மார்ச்சில் வந்த 213-ஆம் எண் அரசாணை, சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலை போன்ற அதிக மாசு தரும் தொழில்கள் குறிப்பிட்ட நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிதாக வரக் கூடாது என்றது. 1998 மே மாதம் வந்த 127-ஆம் எண் அரசாணை, காவிரி உள்ளிட்ட பெரிய ஆறுகளுக்கு அந்த எல்லையை ஐந்து கிலோமீட்டராக்கியது. பள்ளிபாளையத்தையும் குமாரபாளையத்தையும் வைத்து யோசித்துப் பாருங்கள். ஊரே ஆற்றங்கரை. அனுமதியில்லாத சாயப்பட்டறைகளை அதிகாரிகள் இடித்தார்கள் என்று செய்தி வரும். சில மாதம் கழித்து அதே பகுதியிலிருந்து அதே செய்தி மறுபடி வரும்.

ஏன் இப்படி? அந்தப் பட்டறைக்காரர்களில் பலர் கூலிக்குச் சாயம் போடுகிறவர்கள். துணி அவர்களுடையது அல்ல. துணிக்குச் சொந்தக்காரர் வேறு ஊரில், சில சமயம் வேறு நாட்டில் இருப்பார். சாயக் கூலியைக் குறைத்துப் பேசுவது அவர். ஆற்றில் கழிவை விட்டு மாட்டிக்கொள்வது கூலிக்காரர். கழிவை வெளியே விட்டவரைத்தான் சட்டம் பிடிக்கிறது. லாபம் பார்த்த பெரிய பெயர் இன்வாய்ஸில் மட்டும் இருக்கும், வழக்கில் இருக்காது.

கடன் யார் கணக்கில்?

1990-களில் காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கிளையில் வேளாண் கடன் பிரிவில் இருந்தேன். கிணறு ஆழப்படுத்தவும் மோட்டார் வைக்கவும் கடன் வாங்கிய விவசாயி ஒருவர், தவணை கட்ட முடியவில்லை என்று வந்தார். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் பயிருக்குப் பாய்ச்சினால் இலை கருகுகிறது என்றார். பாட்டிலில் கொண்டும் வந்திருந்தார். தண்ணீர் லேசான தேநீர் நிறத்தில் இருந்தது.

வறட்சி, வெள்ளம் என்றால் கடனை மாற்றியமைக்க வழி உண்டு. அரசு அந்தப் பகுதியை இயற்கைச் சீற்றத்தால் பாதிக்கப்பட்டது என்று அறிவிக்க வேண்டும். அறிவித்தால் தவணை தள்ளிப்போகும். மேலே இருக்கும் ஏதோ ஓர் ஆலையால் தண்ணீர் கெட்டது என்று எழுத எங்கள் படிவத்தில் கட்டமே இல்லை. "மழையின்மை" என்று எழுதித்தான் அந்தக் கோப்பை மேலே அனுப்பினோம். அந்த ஆண்டு மழை நன்றாகவே பெய்திருந்தது.

அந்த ஆலையின் லாப நட்டக் கணக்கில் சுத்திகரிப்புச் செலவு என்ற வரி வரவில்லை. அந்த வரி விவசாயியின் கடன் பேரேட்டில், வட்டியோடு சேர்ந்து, வேறு பெயரில் இருந்தது. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அது போலத்தான். நீர் மாசுச் சட்டங்களின் வரலாறு முழுவதும் இந்த ஒரு பதிவைத் திருத்தும் முயற்சிதான்: செலவை அதை உண்டாக்கியவர் கணக்குக்கு மாற்றுவது.

உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று பாலாற்றுத் தோல் ஆலைகள் வழக்கில் இதைத்தான் செய்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. வேலூர்ப் பக்கம் மட்டுமல்ல, நம் பக்கத்து ஈரோடு, திண்டுக்கல், திருச்சி ஆலைகளும் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டியிருந்தது. இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையமும் அமைந்தது. அது 2001-ல் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தேன். ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட வரவில்லை. ஒரு ஏக்கர் கெட்டதற்கும் ஒரு தலைமுறை கெட்டதற்கும் அது போதுமா என்பது வேறு கேள்வி. ஆனால் பதிவு சரியான பக்கத்துக்கு மாறியது. பாலாறு இன்னும் தேறவில்லை என்பதால் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதே விவகாரத்தில் மறுபடி தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது.

நொய்யலிலும் இதே கதை. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டு, திருப்பூர்ச் சாயக் கழிவின் தொட்டியாகிப் போனது. கீழ்ப்பகுதி விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூடச் சொன்னது.

வேலூரிலும் நொய்யலிலும் வழக்கு நடத்தியது குடிமக்கள் சங்கமும் விவசாயிகள் சங்கமும்தான். ஓர் உள்ளாட்சி மன்றமே முன்னால் நின்றால் என்ன ஆகும்? அதற்கு நம் எல்லைக்கு அப்பால் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

பெருமாட்டி ஊராட்சி

சேலத்திலிருந்து கொச்சி போகும் நெடுஞ்சாலையில் கோவையைத் தாண்டினால் பாலக்காடு. அந்த மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் இருப்பது பெருமாட்டி ஊராட்சி. தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர் வாழும் பகுதி. அங்கே பிளாச்சிமடை என்ற இடத்தில் கோகோ கோலாவின் இந்தியக் கிளை நிறுவனம் 34 ஏக்கரில் ஆலை அமைத்தது. 2000 ஜனவரியில் அனுமதி கொடுத்தது இதே ஊராட்சிதான். வேலை வரும், வரி வரும் என்று வரவேற்றுத்தான் கொடுத்தார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்குள் சுற்றியிருந்த கிணறுகளில் தண்ணீர் கீழே போனது. இருந்த தண்ணீரும் குடிக்கவோ சமைக்கவோ உதவாமல் போனது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் பழங்குடிப் பெண்கள் போராட்டம் தொடங்கினார்கள். எரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமானார். ஆலை தன் கழிவுச் சேற்றை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்திருந்தது. 2003-ல் பி.பி.சி. வானொலி அந்தச் சேற்றைச் சோதிக்கச் செய்தபோது அதில் ஈயமும் காட்மியமும் இருப்பது தெரிந்தது.

2003 ஏப்ரல் 7 அன்று ஊராட்சி கூடி, லைசென்ஸைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவெடுத்தது. ஒரு சிற்றூராட்சி உலகின் மிகப் பெரிய குளிர்பானக் கம்பெனியிடம் "இல்லை" என்று எழுதிக் கொடுத்தது. வருகிற வரியை இழக்கிறோம் என்று தெரிந்தே எழுதியது. மாநில அரசு அந்த முடிவுக்குக் குறுக்கே நின்றது. ஊராட்சி உயர் நீதிமன்றம் போனது. 2003 டிசம்பர் 16 அன்று ஒரு நீதிபதி அமர்வு சொன்ன தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. நிலத்தடி நீர் மக்கள் சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே, தனியார் ஒருவர் அளவின்றி உறிஞ்ச அரசோ ஊராட்சியோ விட்டுவிட முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. அதே சமயம், ஆலையையே மூடும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை, நீர் எடுப்பதைத்தான் தடுக்கலாம் என்றும் சொன்னது.

2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005 ஏப்ரலில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றி, நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. ஊராட்சி சோர்ந்துவிடவில்லை, உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆலை பிறகு இயங்கவே இல்லை. 2017-ல், அங்கே உற்பத்தியைத் தொடங்கும் எண்ணம் இல்லை என்று நிறுவனமே சொல்லிவிட, வழக்கு முடிந்தது.

ஆலை நின்றது சரி, ஈடு? அதற்காகத்தான் ஒரு தனிச் சட்டம் முயன்றார்கள். கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010 மார்ச்சில் அறிக்கை தந்தது. விவசாயம், உடல்நலம், தண்ணீர், வேலை இழப்பு எல்லாவற்றையும் சேர்த்து 216.26 கோடி ரூபாய் சேதம் என்று மதிப்பிட்டது. அந்த இழப்பீட்டைத் தீர்மானிக்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011 பிப்ரவரி 24 அன்று கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றியது. மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போனது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கும்போது தனித் தீர்ப்பாயம் எதற்கு என்ற வாதம் எழுந்தது. ஆண்டுகள் ஓடின. 2015-ல் ஒப்புதல் இல்லாமல் மசோதா திரும்பியது. அந்தத் தீர்ப்பாயம் அமையவே இல்லை.

இதில் நாம் பார்க்க வேண்டியது என்ன? ஊராட்சியால் முடிந்தது, முடியாதது இரண்டும் தெளிவாகத் தெரிகிறது. ஆலையைத் தடுக்க ஒரு தீர்மானப் புத்தகமும் துணிவும் போதுமானதாக இருந்தன. ஈட்டை வாங்க அவை போதவில்லை. அதற்கு மாநிலச் சட்டமும் மத்திய ஒப்புதலும் வேண்டியிருந்தன. ஆனால் அந்த மசோதா சட்டமன்றம் வரை போனதே, முதலில் ஊராட்சி தன் பெயரில் கையெழுத்துப் போட்டு வழக்கில் நின்றதால்தான். வங்கியில் சொல்வது போல், கடன்காரர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கோப்பில் முதல் ஆவணம் வேண்டும். பிளாச்சிமடையின் முதல் ஆவணம் ஒரு கிராம ஊராட்சியின் தீர்மானம்.

வெளிநாட்டிலும் இது நடக்கிறது. அமெரிக்காவில் அழியாத ரசாயனங்கள் குடிநீரில் கலந்ததற்காக ஃபுளோரிடாவின் ஸ்டூவர்ட் என்ற சிறு நகரம் உட்படப் பல ஊர்களின் குடிநீர் அமைப்புகள் த்ரீ எம் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டன. 2023-ல் ஸ்டூவர்ட்டின் வழக்கு விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில், குறைந்தது 1,030 கோடி டாலர் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவு தங்கள் கணக்கில் ஏறுகிறது என்பதை அந்த நகரங்கள் எழுதி வைத்திருந்தன. அதனால் கேட்க முடிந்தது.

வேலியே பயிரை மேய்ந்தால்?

உள்ளாட்சிகளைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் அது பாதிக் கணக்கு. பல ஊர்களில் ஆற்றைக் கெடுப்பதில் உள்ளாட்சியின் பங்கு கம்பெனிகளின் பங்குக்குக் குறைந்ததல்ல. திருமணிமுத்தாற்றில் போகும் வீட்டுக் கழிவுநீருக்கு எந்தக் கம்பெனியைக் கேட்பது?

மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980-ல் தீர்ப்பளித்தது. அந்த ஊரில் திறந்த சாக்கடையும், சாராய ஆலையின் கழிவும் தெருவில் ஓடின. பணமில்லை என்றது நகராட்சி. நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. சுகாதாரம் காப்பது நகராட்சியின் கடமை, பணமில்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்றார். தன் சாக்கடையையே கட்டுப்படுத்தாத நகராட்சி, ஆலைக்காரரிடம் எந்த முகத்தோடு கேட்கும்? கம்பெனியின் வழக்கறிஞர் முதலில் எடுத்துக்காட்டுவதும் இதைத்தான். ஆகவே நகரத்தின் கழிவுநீர்த் திட்டத்தை முடிக்கச் சொல்வதும், கம்பெனியைப் பொறுப்பேற்கச் சொல்வதும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள்.

இப்போது என்ன நிலை?

2024-ல் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. பல குற்றங்களுக்குச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றுகிறது. சில வகை ஆலைகளுக்கு இசைவு வாங்குவதிலிருந்து மத்திய அரசு விலக்கும் அளிக்கலாம். முதலில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்கள் ஆகியவற்றுக்குத்தான் இது பொருந்தியது. மற்ற மாநிலங்கள் தங்கள் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டுத்தான் இதை ஏற்க முடியும். மேலே சொன்ன அதே 252-வது பிரிவு.

சின்னக் குற்றத்துக்கெல்லாம் ஜெயில் எதற்கு, அபராதம் சீக்கிரம் வசூலாகும் என்பது ஒரு பக்க நியாயம். என் கருத்தைக் கேட்டால், பதினைந்து லட்சம் ரூபாய் குமாரபாளையத்துக் கூலிச் சாயக்காரரை வீட்டை விற்க வைக்கும். பெரிய கம்பெனிக்கு அது ஒரு வரிச் செலவு. கெடுப்பது சுத்திகரிப்பதைவிட மலிவாக இருக்கும் வரை, கணக்குத் தெரிந்த எந்த நிறுவனமும் கெடுக்கவே செய்யும். இப்படி ஒரு சட்டம் ஒரு மாநிலத்தின் சட்டமன்றத்துக்கு வரும்போது, ஆற்றோர நகராட்சிகளும் ஊராட்சிகளும் முன்கூட்டியே தங்கள் தீர்மானங்களை அனுப்பியிருக்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் நடந்துவிட்டது என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

சட்டம் கொடுத்திருக்கும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் பாதிக்கப்பட்ட தனிநபர் மட்டுமல்ல, மக்கள் அமைப்பும் உள்ளாட்சி மன்றமும்கூட இழப்பீடு கேட்டு மனுச் செய்யலாம். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் காலவரம்பு உண்டு: பாதிப்பு முதலில் ஏற்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டு. கடன் பத்திரம் காலாவதியாவது போல, உரிமையும் காலாவதியாகும்.

வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, குடிமக்களில் யாரும் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்ய 1988 திருத்தம் இடமளித்தது. முன்னறிவிப்பே பல சமயம் வேலையை முடித்துவிடும்.

கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒரு நாள் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். நகரத்தில் நமக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடின. நம் வளாகத்திலிருந்து எத்தனை பேர் போனோம்? வாரியத்தின் நீர்ச் சோதனை முடிவுகளை வார்டில் படித்துக்காட்ட வேண்டும், அதை நடவடிக்கைக் குறிப்பில் பதிய வேண்டும் என்று ஒருவர் கேட்டாலே அது ஓர் ஆவணமாகிவிடும்.

நம் பங்குக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. நம் போர்வெல் தண்ணீரையும் லாரி தண்ணீரையும் ஆண்டுக்கு இரண்டு முறை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கூடத்தில் சோதித்து, முடிவுகளைத் தேதியோடு ஒரே கோப்பில் சேர்த்துவைப்பது ஒன்று. ஐந்து ஆண்டுக்குப் பின் நீர் எப்போது கெட்டது என்று யாராவது கேட்டால், நினைவிலிருந்து சொல்வது சாட்சியாகாது, கோப்புதான் சாட்சி. நம் கழிவுநீரை எடுத்துச் செல்லும் லாரி அதை எங்கே கொட்டுகிறது என்று கேட்டு, சுத்திகரிப்பு நிலையத்தில் கொடுத்ததற்கான ரசீதைக் காட்டினால்தான் பில் பாஸ் ஆகும் என்று வைப்பது மற்றொன்று. திருமணிமுத்தாற்றின் கீழே இருக்கும் ஊரார் ஒருநாள் நம்மைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்கலாம். அன்றைக்குக் காட்ட நம்மிடம் ரசீது இருக்க வேண்டும்.